படத்தில் ஏறாத சர்வே எண்

ஏரியைப் பார்த்து வளர்ந்தவருக்கு அமைப்புச் சிந்தனையில் பாதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வரத்துக்கால் வழியே நீர் வருகிறது. மதகு வழியே வயலுக்குப் போகிறது. மிஞ்சியது கலங்கல் தாண்டி அடுத்த ஏரிக்கு இறங்குகிறது. சுற்றுச்சூழல் பாடநூல் இதையே உள்வரவு, இருப்பு, வெளிப்போக்கு என்கிறது. 

மீதிப் பாதி, பின்னூட்டம். ஏரித்தண்ணீரை நம்ப முடியாமல் போனதும் ஒருவர் போர் போடுகிறார். போர் வந்தபின் ஏரி மேல் அவருக்கு அக்கறை குறைகிறது. தூர் வார அவர் வீட்டிலிருந்து ஆளும் வருவதில்லை, பணமும் வருவதில்லை. வண்டல் ஏறுகிறது. ஏரி கொள்ளும் நீர் குறைய, நிலத்துக்குள் இறங்குவதும் குறைகிறது. நீர்மட்டம் கீழே போகப் போக, அடுத்தவர் இன்னும் ஆழமாகத் துளைக்கிறார். தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்கு மின்கட்டணம் கிடையாது. ஆழம் கூடினால் கரண்ட் செலவும் கூடும் என்ற ஒரு தடையும் அதனால் கழன்றுவிட்டது. இந்தச் சுழலில் ஒவ்வொருவரும் தம்மளவில் சரியான முடிவையே எடுத்திருக்கிறார்கள். எல்லோரும் சரியாக நடந்தும் ஏரி செத்துப்போவது எப்படி என்பதை விளக்க, எனக்குத் தெரிந்து அமைப்புச் சிந்தனையைவிட நல்ல முறை இல்லை.

தாமதத்தையும் அது கணக்கில் எடுக்கிறது. 1972-ல் வெளிவந்த ‘வளர்ச்சியின் எல்லைகள்’ நூலில் ஒரு வரைபடம் உண்டு. டி.டி.டி. பூச்சிக்கொல்லி தெளிப்பது குறையத் தொடங்கிய பிறகும், மீன்களின் உடலில் அதன் அளவு பத்தாண்டுக்கு மேல் ஏறிக்கொண்டே போகும் என்று அது காட்டுகிறது. தடை போட்ட மறுவருடமே பலன் எங்கே என்று கேட்பவர்களிடம் காட்ட வேண்டிய படம்.

ஆனால் இந்த முறையின் கோளாறும் அதே நூலில்தான் துலக்கமாகத் தெரிகிறது. டொனெல்லா மெடோஸ், டென்னிஸ் மெடோஸ் உள்ளிட்ட எம்.ஐ.டி. குழுவினர் இத்துறையின் முன்னோடி ஜே ஃபாரஸ்டரின் வழியைப் பின்பற்றி ‘வேர்ல்ட் 3’ என்ற கணினி மாதிரியை உருவாக்கினார்கள். மக்கள்தொகை, தொழில் உற்பத்தி, உணவு, மாசு, தீர்ந்துபோகும் வளங்கள் எல்லாமே உலகம் முழுவதற்குமாக ஒரே கணக்கு. இருக்கும் போக்கிலேயே போனால் நூறாண்டுக்குள் வளர்ச்சி முட்டி நிற்கும் என்று விடை வந்தது. டெக்சாஸில் கார் ஓட்டுபவரும் பீகாரில் ஏர் ஓட்டுபவரும் அந்த மாதிரிக்கு ஒரே ஆள்.

அர்ஜென்டினாவின் பரிலோச்சே அறக்கட்டளையில் அமில்கார் எர்ரேரா தலைமையிலான குழு 1976-ல் ஓர் எதிர்மாதிரியை வெளியிட்டது. உணவு, வீடு, கல்வி, மருத்துவம் எல்லோருக்கும் கிடைக்க என்ன வேண்டும் என்பதில் அவர்கள் தொடங்கினார்கள். தடையாக இருப்பது அதிகாரமும் வளமும் பங்கிடப்பட்டிருக்கும் விதம்தான் என்றார்கள். மாசையும் வளத் தட்டுப்பாட்டையும் அவர்கள் லேசாக எடுத்துக்கொண்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. இருந்தாலும் ஒன்று நிரூபணமானது: எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்று எல்லைக்கோட்டைப் போடும்போதே விடையில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது. கோட்டைப் போட்ட கையைக் கணினி காட்டுவதில்லை.

மேலே நான் சொன்ன ஏரிச் சுழலையே எடுத்துக்கொள்ளுங்கள். போர் போடக் காசில்லாதவர் அதில் எங்கே? மதகைத் திறந்து மூடி, வயல் வயலாக நீர் பங்கிட்டுக்கொண்டிருந்த நீர்க்கட்டி எங்கே? ஆழமாகத் துளைக்கும் பந்தயத்தில் முதலில் கடன்பட்டுக் கழன்றுகொள்பவர் சிறுவிவசாயி. சுழலைப் படமாக வரையும் என் அம்புக்குறிகளோ எல்லோரையும் ஒன்றுபோலவே சுற்றி வந்தன. ‘ஒவ்வொருவரும் சரியான முடிவையே’ என்று சற்று முன் நான் மெச்சிக்கொண்ட வரி, வரத்துக்காலை மனைக்கட்டாக விற்றவருக்கும் ரொம்ப வசதியான வரி. சிக்கலான அமைப்பு சார், ஒருத்தரைக் குறை சொல்ல முடியாது என்று அவரும் சொல்வார். படத்தில் அவர் செய்த காரியம் ‘நீர்வரத்துக் குறைவு’ என்ற ஒரு பெட்டி. தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் அதே இடத்துக்கு ஒரு சர்வே எண் இருக்கிறது.