வசனம் இல்லாத இடத்தில் சிவகுமார்

தமிழ் ரசிகர்களான நமக்கு நடிப்பை வசனத்தை வைத்து எடைபோட்டே பழக்கம். சிங்கப்பூர் மெக்கன்சி ரோடு ரெக்ஸ் தியேட்டரில் கைதட்டல் விழுந்தது பெரும்பாலும் வசனத்துக்குத்தான். அதே எதிர்பார்ப்போடு கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்' (2016) படத்தைப் பார்க்க உட்கார்ந்தால், நாயகன் நடிக்கவே இல்லை என்றுகூடத் தோன்றும். என்னைக் கேட்டால், சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர் திரையில் தந்த மிகச் சிறந்த நடிப்புகளில் அது ஒன்று.

சிவகுமார் பாலகிருஷ்ணன் ஏற்ற பாத்திரத்தின் பெயரும் சிவாதான். கடத்தல் குற்றத்துக்காக எட்டு ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு வருகிறான். வந்து பார்த்தால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அவனுடைய அறையைச் சீனாவிலிருந்து வந்தவர்களுக்கு அம்மா வாடகைக்கு விட்டிருக்கிறார். மகனை மன்னிக்க அவருக்கு மனம் வரவில்லை. அம்மாவாக வருபவர் சீமா பிஸ்வாஸ், 'பேண்டிட் குவீன்' நாயகி, டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் முறையாகப் பயின்றவர். அப்பேர்ப்பட்டவருக்கு எதிரே நிற்கும்போது குரலை உயர்த்தி ஈடுகட்டப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. சிவகுமார் அடங்கிப்போகிறார். பிறந்த வீட்டிலேயே எங்கே நிற்பது என்று தெரியாத ஒருவனின் கூச்சம் அந்தக் கனத்த உடம்பில் தெரிகிறது.

பிறகு சிவா, சீனர் இறுதி ஊர்வல வாத்தியக் குழுவில் மேளம் அடிக்கப் போகிறான். யாரோ ஒருவர் சாவுக்குக் கூலிக்கு அடிக்கிற மேளம்! சென் சென் (ஹுவாங் லூ) என்ற சீனப் பெண்ணோடு பழக்கம் ஏற்படுகிறது. அவள் மொழி வேறு, இவன் மொழி வேறு. அந்த நெருக்கத்தைப் பார்வையாலும் மௌனத்தாலுமே இருவரும் நம்பவைக்கிறார்கள்.

இப்படி நடிக்க விட்டவர் இயக்குநர். ராஜகோபால் சினிமாவைத் தாமாகவே கற்றுக்கொண்டவர். 'மீடியா', 'மதர் கரேஜ்', 'பியூட்டி வேர்ல்ட்' என்று மேடை நாடகங்களில் ஊறியவர். 1995, 1996, 1997 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவில் அவருடைய குறும்படங்கள் நடுவர் சிறப்புப் பரிசு வென்றன. அப்படியும் முதல் முழுநீளப் படம் கைகூட ஏறக்குறைய இருபது வருடம் ஆயிற்று. சந்தை சிறியது, அதிலும் தமிழ் பேசும் படம். மேடையில் நின்றவருக்கு, பேச்சு நின்ற பிறகும் நடிகர் வேலை செய்துகொண்டிருப்பது தெரியும். அவசரப்பட்டு அடுத்த காட்சிக்குத் தாவாத பொறுமை அங்கிருந்து வந்தது.

குறை இல்லாமல் இல்லை. பிற்பாதியில் துன்பத்தின் மேல் துன்பமாக அடுக்கிக்கொண்டே போகிறார்கள். சென் சென்னுக்கென்று இன்னும் கொஞ்சம் வாழ்க்கை எழுதியிருக்கலாம்.

கான் திரைப்பட விழாவின் 'விமர்சகர் வார'த்தில் திரையிடப்பட்ட படம் இது. தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்க வரும் நம்மவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? நம் நாடகக் குழுக்கள் ஏதாவது ஒரு சனிக்கிழமை மாலை இதைத் திரையிட வேண்டும். அம்மாவும் மகனும் வரும் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். சிவகுமாரையும் அழைத்து இளம் நடிகர்களோடு உட்காரவைத்தால் இன்னும் நல்லது.