வருடம் இல்லாத கதைகள்

புதுமைப்பித்தனை நான் அதிகம் வாசிப்பது கிண்டிலில்தான், அதுவும் இலவசக் கோப்பில். 1998-இல் மதுரைத் திட்டம் தொடங்கியதிலிருந்து எத்தனையோ தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, வலையேற்றி வருகிறார்கள். 2002-இல் தமிழக அரசு புதுமைப்பித்தன் எழுத்துக்களை நாட்டுடைமை ஆக்கியது. இன்று அவரைப் படிக்க யாருக்கும் காசு வேண்டாம். கொடுத்து வச்சவங்க நாம.

ஆனால் அந்தக் கோப்பில் எது விடுபட்டுப் போகிறது என்பதையும் பேச வேண்டும். என் கருவியில் உள்ள தொகுப்பு கதைகளை அகர வரிசையில் அடுக்கியிருக்கிறது. 'அகல்யை' ஆரம்பத்திலேயே வந்துவிடும். 'சாப விமோசனம்' வருவதற்குள் பத்துப் பதினைந்து நாள் வாசிப்பு ஓடிவிடும். எந்தக் கதை எந்த வருடம், எந்தப் பத்திரிகையில் வந்தது என்று ஒரு வரி கிடையாது.

அதனால என்ன, கதை இருக்கே என்று கேட்கலாம்.

'அகல்யை' 1934-இல் மணிக்கொடியில் வந்தது. அதில் கோதமன் மனைவியைச் சபிப்பதில்லை. அவள் மனம் களங்கமற்றது என்று ஏற்றுக்கொள்கிறான். கணவன் புரிந்துகொண்டால் போதும் என்று நம்புகிற கதை அது. 'சாப விமோசனம்' 1943-இல் கலைமகளில் வந்தது. ராமனால் உயிர் மீண்ட அகலிகை, அதே ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்டதும் மறுபடி கல்லாகிறாள். இங்கே கணவனின் அன்பு பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் அது போதவில்லை. ஒருத்திக்கு ஒரு நீதி, இன்னொருத்திக்கு வேறா என்பது கோதமன் தீர்த்துவைக்கக்கூடிய கேள்வி இல்லை.

நடுவில் ஒன்பது வருடம் என்று தெரிந்து படித்தால், ஒரு எழுத்தாளர் தான் முன்பு சொன்ன பதிலைத் தானே உடைப்பதைப் பார்க்கலாம். வருடத்தை எடுத்துவிட்டால் ஒரே புராணத்துக்கு இரண்டு வெர்ஷன், அவ்வளவுதான். எது பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டுப் போயிடலாம்.

கருவியின் தேடல் வசதியும் இங்கே கைகொடுக்காது. ஒன்றில் அவள் அகல்யை, மற்றதில் அகலிகை. ஒரு பெயரைத் தேடினால் மற்ற கதை சிக்காது.

ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000-இல் காலச்சுவடு வெளியிட்ட 'புதுமைப்பித்தன் கதைகள்' கால வரிசையில் செல்கிறது. வெளியான விவரங்களையும் தருகிறது. அது ஒரு பதிப்பாசிரியரின் பல வருட உழைப்பு. அதை அப்படியே இலவசமாகக் கொடு என்று கேட்பது நியாயமில்லை. ஆனால் ஒரு கதை 1934-இல் வந்தது என்ற தகவல் யாருடைய தனிச்சொத்தும் இல்லை. இலவசக் கோப்பு தயாரிப்பவர்கள் ஒவ்வொரு தலைப்பின் கீழும் பத்திரிகையின் பெயரையும் வருடத்தையும் சேர்த்தாலே போதும்.

அதுவரை 'அகல்யை'யை முடித்ததும் அடுத்த கதைக்குப் போய்விடாதீர்கள். பொருளடக்கத்தைத் திறந்து, நேராக 'சாப விமோசனம்' படியுங்கள்.