உத்தியோகம் மட்டும் சாகவில்லை

மூன்றாம் உலகப் போர், சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நேரத்தையும் சேர்த்து, 2 நிமிடம் 28 விநாடியில் முடிந்துபோகிறது. ரிச்சர்ட் லெஸ்டர் 1969-இல் இயக்கிய ‘தி பெட் சிட்டிங் ரூம்’ அதற்குப் பிந்தைய பிரிட்டனைக் காட்டும் படம். மிஞ்சியவர்கள் இருபது பேர். உண்ணவும் ஒதுங்கவும் வழியில்லாத அந்தச் சாம்பல் மேட்டில் ஆளாளுக்கு உத்தியோகம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

பிபிசி செய்தி வாசிப்பாளராக வரும் ஃபிராங்க் தார்ன்டனைப் பாருங்கள். கூடாகிப்போன டிவி பெட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஓட்டை வழியே முகம் காட்டி, பழைய செய்தியையே வாசிக்கிறார். திரைக்குள் தெரியும் பாகத்துக்கு மட்டும் விருந்து உடுப்பு, மற்றதெல்லாம் கந்தல். கேட்க ஓரிருவர்தான் என்றாலும் குரலில் மிடுக்குக் குறையவில்லை. வேலை போனால் தான் யார் என்பதே தெரியாமல் போய்விடும் என்ற பயத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சி எனக்கு வேறு நினைவில் இல்லை.

இன்னொன்று, உயிரோடு நிற்கும் ஒரு தாயின் கையில் மரணச் சான்றிதழ் கொடுக்கப்படும் இடம். சாகவில்லை என்று அவள் சொல்வது எடுபடவில்லை. காகிதம் சொன்னதே செல்லுபடியாகிறது. மூல நாடகத்தை ஜான் ஆன்ட்ரோபஸுடன் எழுதிய ஸ்பைக் மில்லிகன், இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் காயம்பட்ட சிப்பாய். மேலிடத்துக் காகிதத்தின் அதிகாரம் அவருக்குக் கேள்விப்பட்ட சங்கதியாக இருந்திருக்காது.

குறைகளும் பெரியவை. பிரபு ஒருவர் வாடகை அறையாகிறார், தாய் அலமாரியாகிறாள், தந்தை கிளியாகிறார். முதல் மாற்றம் உலுக்குகிறது. மூன்றாவது வரும்போது பழகிவிடுகிறது. துணுக்குகள் வரிசையாக வருகின்றனவே தவிர, ஒன்றின் கனம் அடுத்ததில் ஏறுவதில்லை. படம் ஓடவில்லை, லெஸ்டரின் அடுத்த படம் 1973-இல்தான் வந்தது.

எனக்கு ஆறாத வருத்தம் வேறு. அந்த நாட்டுக்கு மின்சாரம் தருவது சைக்கிள் மிதிக்கும் ஒரே ஒரு ஆள். சுரங்க ரயில் சுற்றிவருவது அவன் காலால். இருபது பேரில் பயனுள்ள வேலை செய்கிறவன் அவன்தான். அதிகாரிகளின் வெற்றுச் சடங்குகளைச் சளைக்காமல் காட்டும் கேமரா, அவனைச் சில கணங்களோடு கடந்துவிடுகிறது. அவனுக்கு எப்போது மூச்சிரைக்கும், இறங்கி நின்றால் என்ன ஆகும் என்று லெஸ்டர் கேட்கவே இல்லை.