களிம்பு எங்கே போகிறது?

ரசவாதம் என்றதும் நம்ம ஆட்கள் 'அதெல்லாம் குறியீடுங்க' என்று கையை உதறிவிடுகிறார்கள். செம்பு உயிராம், களிம்பு ஆணவ மலமாம், பொன் வீடுபேறாம். சித்தர் உலையில் கிடந்த கரியும் பாதரசமும் வரட்டிப் புடமும் வாசிப்பிலிருந்து ஆவியாகிவிடுகின்றன. பொருள் எரிந்து தத்துவம் மட்டும் மிஞ்சுகிறது. இந்த வாசிப்பே ஒரு ரசவாதம்தான்.

உருவகத்தை அதன் உள்ளிருந்தே கட்டவிழ்த்துப் பார்ப்போம். திருமந்திரம் நந்தியைக் களிம்பறுப்பவனாகக் காண்கிறது. தொட்டதைப் பொன்னாக்கும் பரிசனவேதியை உவமையாக்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இதை மேலும் இறுக்குகிறார். ரசகுளிகையால் களிம்பு அறும், செம்பு பொன்னாகும். ஆனால் அறுத்த குளிகை பொன்னாகாது. ஆகவே மலம் நீங்கிய உயிர் சிவமாகிவிடாது, திருவடிக்கீழ் இருக்கும். பொன்னான பிறகும் கீழேதான் என்பதைக் கவனிக்க வேண்டும். மாற்றத்தை அனுமதிக்கிற உருவகம் படிநிலையை அப்படியே வைத்திருக்கிறது. அறுத்த களிம்பு எங்கே போனது என்ற கேள்விக்கோ அங்கே இடமே இல்லை.

தூத்துக்குடியில் உட்கார்ந்து இதைப் படிப்பவர் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. இங்கே செம்பு வெறும் உவமையாக இருந்ததில்லை. செம்பை மின்பகுப்பில் தூய்மையாக்கும்போது அடியில் தங்கும் சேற்றில்தான் பொன்னும் வெள்ளியும் கிடைக்கும். சித்தர் கண்டால் சிரித்திருப்பார். சரி, கந்தகப் புகையும் கசடும் யார் பங்கு? ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஊர் கேட்டது இதைத்தான். 2018 மே 22, 23இல் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். மே 28இல் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. 2024 பிப்ரவரி 29இல் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மனுவைத் தள்ளியது.

இதே கரையில் வேறொரு உருமாற்றமும் உண்டு: முத்து. உள்ளே புகுந்த அந்நியத்தை வெளியே தள்ள முடியாத சிப்பி, தன் சுரப்பை அதன்மேல் அடுக்கடுக்காகப் பூசுகிறது. உலை கிடையாது, களிம்பறுப்பு கிடையாது, மற்றமையே கரு. 1542இல் சவேரியார் வருவதற்கு முன்பே, 1530களில், பரதவர் கூட்டமாகக் கத்தோலிக்கம் தழுவியதை இப்படி வாசிக்கலாம். போர்ச்சுகீசியர் பாதுகாப்பு, முத்துக்குளித்துறை உரிமை எல்லாம் அந்தப் பேரத்தில் இருந்தன. தனி ஆன்மாவைப் புடம்போட்ட கதையாக இதைச் சொல்ல முடியாது. ஒரு சமூகம் புதிய மதத்தைச் சுற்றித் தன் சாதித்தலைமையையும் தன் கடலையும் பூசிக்கொண்டது.

அதுக்காக முத்தை உடனே பீடத்தில் ஏத்திவிட வேண்டாம். முத்துக்குளிப்பில் சிப்பி சாகாமல் முத்து இல்லை. கல்லில் கால் ஊன்றி மூச்சடக்கி இறங்கியவன் வீட்டில் அது எத்தனை நாள் தங்கியது? அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல். 1973இல் தூத்துக்குடியிலேயே விஞ்ஞானிகள் கருவைக் கையால் வைத்து முத்து வளர்த்தார்கள். சித்த மருத்துவத்தில் முத்தும் கடைசியில் புடத்துக்குப் போய்ப் பற்பமாகிறது. கடலின் உருவகமும் உலைக்குத் தப்பவில்லை.

அக மாற்றமே பொய் என்று சொல்ல வரவில்லை. மாற்றம் பேசுகிறவர், அது ஆன்மிகமோ அரசியலோ, உலைக்கும் கசடுக்கும் மூச்சுக்கும் முதலில் கணக்குச் சொல்லட்டும். பொன்னைப் பொறவு பாத்துக்கிடலாம்.