தில்லியில் தமிழ்ப் பெயர்: பெயர்த்தேர்வும் எழுத்துப்பெயர்ப்பும்

1. முன்னுரை

பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே பேரன் என மருவிற்று. பெயர்த்தி பேர்த்தியாகிப் பேத்தியாயிற்று. உறவுமுறைச் சொல்லிலேயே பெயரிடும் வழக்கத்தைப் பொதிந்து வைத்திருக்கும் மொழி தமிழ். பிள்ளைக்குப் பெயர் தேர்வது இங்குக் குடும்பத்தின் நினைவைத் தொடரச் செய்யும் செயலாகும். அப்பெயர் வேற்று மொழிச் சூழலில், வேற்று எழுத்துகளில் பதிவாகும்பொழுது என்ன ஆகிறது என்பது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத்தில் கொள்ளவேண்டிய வினாவாகும்.

தலைநகர் தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பெயர் தேரும்பொழுது எதிர்கொள்ளும் எழுத்துச் சிக்கலை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் ஆராய்கிறது. தமிழ்ப் பெயரை இந்தி பேசுவோரின் நா சிதைத்துவிடுகிறது, ஆதலின் எளிய பெயரைத் தேர்வதே நன்று என்பது அங்குப் பரவலாக நிலவும் கருத்து. இக்கருத்து ஏற்புடையதன்று. தமிழ்ப் பெயர் தமிழ் எழுத்திலிருந்து நாகரி எழுத்துக்கு நேரே செல்வதில்லை. உரோமன் எழுத்தின் வழியே செல்கிறது. திரிபுகளுள் பல அவ்வழியிலேயே நேர்கின்றன என்பதை இங்கு நிறுவ முயல்வோம்.

2. பதிவுச் சூழல்

தில்லியில் தமிழர் வாழ்வு அண்மைக் காலத்ததன்று. இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் தொடக்கம் 1923ஆம் ஆண்டைச் சார்ந்தது; தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இல் தோன்றியது. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், இராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி முதலிய இடங்களில் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் உள்ளன. தமிழைக் கற்பிக்க அமைப்புகள் உண்டு. ஆயினும் பிள்ளையின் பெயர் முதன்முதல் எழுதப்படுமிடம் பள்ளியன்று. பிறப்புப் பதிவேடே ஆகும்.

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பினை 21 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். பெயரை அப்பொழுதே தரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பெயரின்றிப் பதிந்து, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின்னர் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். தில்லியில் சான்றிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வழங்கப்படுகிறது. ஆகவே தமிழ்ப் பெயர் ஒரே நாளில் இரண்டு எழுத்துமுறைகளில் புகுகிறது; தமிழ் எழுத்து அத்தாளில் இடம்பெறுவதில்லை.

இச்சட்டத்திற்கு 2023இல் செய்யப்பட்ட திருத்தம் அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாள் முதல் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் முதலியவற்றில் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே. எனவே முதற்பதிவில் எழுதிய வடிவம் முன்னினும் வலிமை பெற்றுள்ளது. பதிவில் பிழை நேர்ந்திருப்பின் திருத்தச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அது பிழை என்பதை மெய்ப்பிக்க வேண்டும். தமிழ்ப் பெயரை நாகரியில் எழுதுவதற்குப் பொதுவாக ஏற்கப்பட்ட நெறி வழக்கில் இல்லாதபொழுது, எவ்வடிவத்தையும் பிழை எனச் சுட்ட இயலாது. சிக்கலின் மையம் இதுவே.

3. ழகரத்தின் ஐந்து வடிவங்கள்

இந்தி இதழ்களில் வழங்கும் தமிழ்ப் பொதுவாழ்வுப் பெயர்களை நோக்கின், ழகரம் ஐவகையாக எழுதப்படுவதைக் காணலாம். மொழியின் பெயர் லகரத்தால் 'தமில்' என எழுதப்படுகிறது. திராவிட முன்னேற்றக் கழகத்தின் பெயரில் உள்ள 'கழகம்' என்னும் சொல் ஒருசார் இதழ்களில் ஷகரத்தால் 'கஷகம்' எனவும், வேறுசில இதழ்களில் புள்ளியிட்ட டகரத்தால் 'கடகம்' என்பதை ஒத்தும் எழுதப்படுகிறது. கனிமொழி என்னும் பெயரில் அதே ழகரம் ஜகர வரிசையின் மூச்சொலி எழுத்தைப் பெறுகிறது. சில இடங்களில் முற்றும் விடுபட்டுக் 'கனிமோஈ' என நிற்கிறது.

இவ்வைந்தையும் ஒருசேர வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கழகம் என்பதன் இரு வடிவங்களிலும் ழகரத்தின் ஒலிப்பிடம் காக்கப்பட்டுள்ளது. ஷகரம் நாமடி எழுத்துகளின் வரிசையைச் சார்ந்தது. புள்ளியிட்ட டகரம் நாமடி வருடொலி. இவை தமிழ் ஒலியை நோக்கி அமைந்தவை. தமில் என்பதில் ஒலிப்பிடம் மாறினும் இடையினத் தன்மையேனும் எஞ்சுகிறது. ஆனால் ஜகர வரிசையின் மூச்சொலிக்கும் ழகரத்திற்கும் ஒலிப்பிடத்தாலோ ஒலிப்புமுறையாலோ எவ்வுறவும் இல்லை. முன்னது அண்ணத்திற் பிறக்கும் வெடிப்புரசொலி; பின்னது அடைப்பில்லா நாமடி ஒலி. கனிமொழி என ஒருவர் சொல்லக் கேட்டு எழுதும் இந்தியர் அம்மூச்சொலியை எழுத ஏதுவே இல்லை. உரோமனில் ழகரத்திற்கு வழங்கும் இசட், எச் என்னும் ஈரெழுத்தைக் கண்ணால் கண்டு படித்தவரே அவ்வாறு எழுதுவர். ஆகவே இது எழுத்து விளைத்த திரிபு. நா விளைத்த திரிபு அன்று.

4. பிற எழுத்துகள்

தகரத்தின் நிலையும் இதுவே. தமிழர் உரோமனில் எழுதும்பொழுது டகரத்திற்கு டி என்னும் ஓரெழுத்தையும், தகரத்திற்கு டி, எச் என்னும் ஈரெழுத்தையும் வழங்குவர். இந்தியில் எச் என்பது மூச்சொலியின் அடையாளம். எனவே சுமதி, மாலதி, கார்த்திக் என்னும் பெயர்கள் தமிழர் வழக்கப்படி உரோமனில் எழுதப்பெற்று நாகரிக்குச் செல்லுங்கால், மெல்லிய தகரத்தை இழந்து மூச்சொலித் தகரத்தைப் பெறுவதுண்டு. இவை வடசொற்கள் என்பது குறிப்பிடத்தக்கது. வடக்கிலிருந்து தெற்கே வந்த பெயர், தன் பழைய எழுத்துக்குத் திரும்பும்பொழுதே உருமாறுகிறது. 'அனைவர்க்கும் தெரிந்த வடமொழிப் பெயரைத் தேர்ந்தால் தொல்லையில்லை' என்னும் அறிவுரையின் வலுவின்மை இதனால் விளங்கும்.

எகர, ஒகரக் குறில்களை இந்தி நெடுங்கணக்கு தனியெழுத்தாகக் கொள்வதில்லை. அதனால் பொற்கொடி என்னும் பெயரின் இறுதிச் சொல் எழுத்தளவில் கோடியாகிறது. வள்ளி என்பது லகரத்தால் எழுதப்படின், கொடி எனப் பொருள்படும் வல்லி என்னும் வடசொல்லாகிவிடுகிறது. இவ்விடங்களில் மாறுவது ஒலி மட்டுமன்று, சொல்லே மாறுகிறது.

சகரத்தின் நிலை இன்னும் நுண்ணியது. நாடாளுமன்றத்தில் பணியாற்றிய இரா. செழியன் தம் பெயரை உரோமனில் எஸ் என்னும் எழுத்தால் தொடங்கினார். அவர்தம் உடன்பிறந்தாரான நெடுஞ்செழியன் பெயரிலோ அதே சகரம் சி, எச் என எழுதப்பட்டது. மெல்லினத்தின் பின் சகரம் வெடிப்புரசொலியாதல் தமிழின் ஒலியியல்பு. ஆகவே இரண்டும் முறையே ஆகும். எனினும் தமிழறியாதார் இவ்விரு வடிவங்களிலும் ஒரே சொல் நிற்பதை உணரார்.

5. முன்னெழுத்தும் குடும்பப் பெயரும்

பெயரின் வரிசையமைப்பும் ஆராயத்தக்கது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் புலவர் பெயரில் ஊர், தந்தை, மகன்மை ஆகியன அடையாக முன்னிற்க, இயற்பெயர் தலைச்சொல்லாக ஈற்றில் நிற்கிறது. அடை முன்னும் தலைச்சொல் பின்னும் வருதல் தமிழ்த் தொடரமைப்பின் பொதுவியல்பு. இக்காலத் தலைப்பெழுத்தும் அவ்வடையின் சுருக்கமே.

தில்லிப் பள்ளிப் படிவங்களிலும் கடவுச்சீட்டிலும் குடும்பப் பெயருக்கெனத் தனிக்கட்டம் உண்டு. கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்தே எழுதவேண்டும். அங்ஙனம் விரித்த தந்தை பெயர் அக்கட்டத்தில் சென்றமரும்பொழுது, அடை தலைச்சொல்லாகிவிடுகிறது. மகளைத் தந்தையின் இயற்பெயரால் விளிக்கும் நிலை ஏற்படுகிறது. கடவுச்சீட்டில் அக்கட்டத்தை வெற்றிடமாக விட வழியுண்டு. எனினும் பிற படிவங்களும் பிற நாட்டு அலுவலகங்களும் அவ்வெற்றிடத்தைக் குறைபாடாகக் கருதுவதுண்டு.

இதில் மற்றொரு விளைவும் அடங்கியுள்ளது. 1929இல் செங்கற்பட்டில் நடைபெற்ற முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரின் பின்வரும் சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டுமெனத் தீர்மானித்தது. அதன் பின்னர்த் தமிழ்நாட்டில் சாதிப் பட்டமின்றிப் பெயரெழுதுதல் இயல்பாயிற்று. பாட்டனார் விட்டொழித்த பட்டத்தைத் தில்லியில் வாழும் பெயரனுக்கு, கட்டத்தை நிரப்பும் பொருட்டு மீண்டும் சேர்க்கும் குடும்பங்கள் உண்டு. ஒரு சமூக இயக்கம் பல ஆண்டுகள் முயன்று பெற்ற பயனைப் படிவத்தின் ஒரு கட்டம் ஓசையின்றி மாற்றிவிட வல்லது என்பது எளிதிற் கடந்து செல்லத்தக்கதன்று.

6. பெயர்த்தொகுப்புகள்: ஒரு மதிப்பீடு

தமிழ்ப் பெயர்த்தொகுப்புகள் பல வெளிவந்துள்ளன. மறைமலையடிகள் வழிவந்த தனித்தமிழ் உணர்வு அவற்றுள் பலவற்றிற்கு ஊக்கமாயிற்று. மறந்துபோன நற்பெயர்களை மீட்டெடுத்தமைக்குத் தமிழுலகம் அவற்றிற்குக் கடன்பட்டுள்ளது. ஆயினும் அவை பொதுவாகப் பெயரையும் பொருளையும் மட்டுமே தருகின்றன. தமிழ்நாட்டில் வாழ்வோர்க்கு இது போதியது. தில்லியிலோ மும்பையிலோ வாழ்வோர்க்கு எழுத்துப்பெயர்ப்பு வடிவமும் இன்றியமையாதது. எண்கணித நூல்களோ உரோமன் எழுத்துகளை எண்ணி, அவற்றைக் கூட்டியும் குறைத்தும் பெயரை மாற்றுகின்றன. உரோமன் வடிவமே பெயரின் மூலம் என்னும் மயக்கத்தை இவை வலுப்படுத்துகின்றன.

வழிகாட்டியின்மையின் விளைவு பெயர்த்தேர்விலேயே தெரிகிறது. நிலா, கவின், மாறன், இனியா போன்ற பெயர்கள் எவ்வெழுத்திலும் இடர்ப்படுவதில்லை. யாழினி, எழிலன், கயல்விழி, தேன்மொழி, பொழிலன் முதலியவற்றை விரும்பும் பெற்றோர் தயங்குகின்றனர். பிள்ளை தன் தோழரிடையே இடர்ப்பாடின்றி அழைக்கப்பட வேண்டும் என்று அவர் விழைவது நியாயமே; அவரைக் குறைகூறுதல் தகாது. ஆனால் தேர்வு விருப்பத்தால் அமையாமல், திருத்தக்கூடிய ஓர் எழுத்துக் குறையால் அமையுமாயின், அது தேர்வாகாது, விலக்கேயாகும்.

7. வழியும் முடிவும்

நாகரியில் ழகரத்திற்கு எழுத்தில்லை என்பது தவறான எண்ணம். மைய இந்தி இயக்ககம் 1966இல் வெளியிட்ட விரிவாக்க நாகரி, பிற இந்திய மொழிகளின் ஒலிகளை எழுதும் பொருட்டு ழகரத்திற்கும் எகர, ஒகரக் குறில்களுக்கும் குறிகளை வகுத்தது. 1991ஆம் ஆண்டின் இந்தியக் கணினிக் குறியீட்டுத் தரத்தில் தமிழ் ழகரமும் நாகரி ழகரமும் ஒரே குறியெண்ணைப் பெற்றன. ஒருங்குறியிலும் அந்நாகரி எழுத்துக்குத் தனியிடம் உண்டு. எழுத்து உளது, வழக்கே இலது.

உரோமன் வடிவத்தைச் சீர்செய்தால் போதுமன்றோ என வினவலாம். தமிழ்நாடு அரசு 2020இல் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவத்தைத் தமிழ் ஒலிப்பிற்கேற்ப மாற்றி ஆணையிட்டது. எழுத்துக்கூட்டல் பற்றி எழுந்த கருத்து வேறுபாடுகளுக்கிடையே அவ்வாணை அவ்வாண்டு சூன் மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. உரோமனில் பழக்கமே ஆட்சி செய்கிறது. அறிஞர் கொண்ட குறியீட்டு முறைகள் பொதுவழக்கில் வேரூன்றவில்லை. ஆதலின் உரோமன் வடிவத்தைக் குடும்பத்தின் விருப்பிற்கு விட்டு, நாகரி வடிவத்தை மட்டும் தமிழிலிருந்து நேரே அமைத்துக்கொள்வதே செயற்பாலது.

இதற்கு மூன்று செயல்கள் வேண்டும். முதலாவதாக, பெற்றோர் பதிவுக்கு முன்னரே தமிழ், நாகரி, உரோமன் ஆகிய மூவடிவங்களையும் முடிவு செய்தல் வேண்டும். 12 மாதக் காலவரம்பு அதற்குப் போதிய இடம் தருகிறது. இரண்டாவதாக, நாகரியில் ழகரத்திற்கு விரிவாக்க எழுத்தையே வழங்க வேண்டும். அதனை ஏற்காத கருவிகளில், மராத்தியில் வழங்கும் ளகர எழுத்தை மாற்றாகக் கொள்ளலாம். தமிழின் பேச்சு வழக்குகள் பலவற்றிலும் ழகரம் ளகரமாகவே ஒலிக்கப்படுதலின் இம்மாற்று தமிழுக்குப் புறம்பானதன்று. மூன்றாவதாக, பெயர்த்தொகுப்புகள் ஒவ்வொரு பெயருக்கும் நாகரி வடிவத்தைத் தருதல் வேண்டும். அவ்வடிவங்களை வகுத்தளிக்கும் பொறுப்பை மொழி நிறுவனங்கள் ஏற்றல் வேண்டும்.

நெறி ஒன்று அச்சில் இருப்பின், பதிவாளர் முன் நிற்கும் தந்தையோ தாயோ 'இது பிழை' எனச் சுட்டிக்காட்டச் சான்று கிடைக்கும். அச்சான்றினை ஆக்கித் தருதல் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இணைந்து செய்யத்தக்க பணியாகும்.