நிலமும் பொழுதும் மனையும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனக் கொண்டது தமிழிலக்கண மரபு. மரமும் பறவையும் தொழிலும் தெய்வமும் அவற்றின்வழித் தோன்றும் கருப்பொருள்களாம். மனிதன் எழுப்பும் மனையும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. ஒரு மனை, தான் நிற்கும் நிலத்துக்கும் அந்நிலத்தில் மாறிவரும் பொழுதுக்கும் விடை கூறுகின்றதா என்பதே அதனை மதிப்பிடுதற்குரிய முதல் வினாவாகும். இவ்வினா புதியதன்று. கட்டட நூலறிந்தோர் இரு கோல்களை நாட்டி, ஞாயிற்றின் நிழலைக் கொண்டு திசை குறித்து மனை வகுத்தமையை நெடுநல்வாடை கூறுகின்றது. அப்பாட்டிலேயே, வேனிற்காலத்தில் தென்றலைக் கொணரும் பலகணிகளின் கதவுகள் கூதிர்காலத்தில் தாழிடப்பட்டுக் கிடக்கின்றன. திசையும் காற்றும் பருவமும் மனையின் உறுப்புகளாகவே அக்காலத்தில் எண்ணப்பட்டன என்பதற்கு இஃதொரு தெளிவான சான்று.

இக்காலத்து இலங்கையில் 'இயற்கையோடு இயைந்த இல்லம்' என்பது பெருவழக்கான தொடராகிவிட்டது. ஓட்டுக் கூரையும், நடுவே ஒரு முற்றமும், பழைய மரத்தூண் இரண்டும் அமைந்துவிட்டால் அத்தொடர் பொருந்திவிடும் எனப் பலர் கருதுகின்றனர். இக்கருத்து ஆராய்தற்குரியது. முற்றம் காட்சிப்பொருளா, கருவியா? ஓடு வேய்வது அழகுக்கா, மழைக்கும் வெயிலுக்குமா? இவற்றுக்கு விடை காண்பதற்கு, இந்நெறியின் தொடக்கத்தில் எழுந்த இரண்டு இல்லங்களை முதலில் நோக்குதல் தகும். ஒன்று கண்டியின் மலைச்சரிவில் எழுந்தது; மற்றையது கொழும்பு நகரின் நடுவே எழுந்தது.

மினெற் டி சில்வா (1918–1998) கண்டியிற் பிறந்து, பம்பாயிலும் இலண்டனிலும் கட்டடக்கலை பயின்றவர். பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினராக 1948ஆம் ஆண்டில் தெரிவான அவர், அத்தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண்ணாவார். நாடு திரும்பியபின் அவர் அமைத்த முதல் வீடு கண்டியிலுள்ள கருணாரத்ன இல்லம். அது 1951இல் நிறைவுற்றது. சரிவான காணியொன்று கிடைத்தால் அதனை வெட்டிச் சமப்படுத்தி, சமநிலத்து வீட்டையே அதன்மேல் வைப்பது எளிய வழக்கம். டி சில்வா அவ்வாறு செய்திலர். சரிவின் போக்கை ஏற்று, வீட்டின் தளங்களை வெவ்வேறு உயரங்களில் படிப்படியாக அமைத்தார். கொங்கிறீற்றுத் தூண்களைப் பயன்படுத்தத் தயங்காத அவர், அவற்றுடன் உள்ளூர்க் கருங்கல்லையும் சுட்ட மண் ஓடுகளையும் தும்பறைப் பாய் நெசவையும் கண்டிய அரக்கு வேலையையும் இணைத்தார். ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியமும் அவ்வில்லத்தில் இடம்பெற்றது. இம்முயற்சியின் கொள்கையை 1953இல் 'மார்க்' என்னும் பம்பாய்ச் சஞ்சிகையில் அவரே விளக்கி எழுதினார்.

இவ்வில்லத்தைப் பாராட்டுவோர் பெரும்பாலும் அதன் கைவினைச் சிறப்பையே எடுத்துரைப்பர். கதவிற் பதித்த பாய் நெசவு, நலிந்துவந்த ஒரு தொழிலுக்கு ஊக்கமளித்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அது வெயிலையோ மழையையோ நோக்கிக் கூறப்பட்ட விடையன்று. இவ்வில்லத்தின் உண்மையான சாதனை, மலையை மலையாகவே விட்டு அதன்மேல் மனையமைத்தமையே. அச்சாதனையின் பெறுமதி இன்று மேலும் தெளிவாகத் தெரிகின்றது. 2014இல் மீரியபெத்தையிலும் 2016இல் அரநாயக்கவிலும் மண்சரிவுகள் குடியிருப்புகளைப் புதைத்தன. அவ்வழிவுகளுக்குக் காரணங்கள் பல. எனினும், சரிவின் அடியை வெட்டுதலும் இயற்கை நீர்வழியை அடைத்தலும் மலைநிலத்தின் உறுதியைக் குறைப்பன என்பது அறிவியல் கண்ட உண்மை. மலைநாட்டில் நிலத்தின் போக்கறிந்து கட்டுதல் சுவையைப் பொறுத்த செயலன்று. உயிரைப் பொறுத்த செயலாகும்.

இரண்டாவது இல்லம் ஜெப்ரி பாவா (1919–2003) அமைத்தது. வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய பாவா, பின்னர் இலண்டனிற் கட்டடக்கலை பயின்று, 1957இல் தகுதி பெற்றார். பற்றிக் கலைஞரான எனா டி சில்வாவுக்காகக் கொழும்பு அல்பிரட் பிளேசில் அவர் அமைத்த இல்லம் 1962இல் நிறைவெய்தியது. ஆங்கிலேயர் காலத்துச் செல்வர் வீடு, பெருந்தோட்டத்தின் நடுவே நின்று நாற்புறமும் வெளிநோக்கியது. நகர்க்காணிகள் சுருங்கியபின் அவ்வமைப்புப் பொருளற்றதாயிற்று. நடுவிலுள்ள கட்டடத்தைச் சுற்றி ஒடுங்கிய வெறுநிலம் எஞ்சியது. யன்னலைத் திறந்தால் அயலவர் சுவரே தோன்றியது. பாவா இவ்வமைப்பைத் தலைகீழாக்கினார். வெளிவிளிம்பில் மதிலை எழுப்பி, திறந்தவெளியை உள்ளே கொணர்ந்தார். நடு முற்றத்தைச் சூழ ஆழ்ந்த விறாந்தைகளும் அவற்றின்பின் அறைகளும் அமைந்தன. சிறு முற்றங்கள் வேறும் இடையிடையே வந்தன. முற்றத்தில் மரங்கள் வளர்ந்தன.

கொழும்பின் காலநிலையில் வெப்பத்தினும் மிகுதியாக வருத்துவது ஈரப்பதம். வியர்வை உலர வேண்டுமாயின் காற்று அசைதல் வேண்டும். அறையின் இரு புறமும் திறந்தவெளி இருந்தாற்றான் ஒரு புறம் புகுந்த காற்று மறுபுறம் வெளியேறும். பாவாவின் முற்றங்கள் இத்தொழிலையே செய்தன. விறாந்தையின் நீண்ட தாழ்வாரம் சுவரின்மேல் வெயில் படாது காத்ததுடன், மழைநேரத்திலும் கதவைத் திறந்து வைக்க இடமளித்தது. தனிமை, நிழல், காற்று, வெளிச்சம் ஆகிய நான்கும் ஒரே அமைப்பினாற் கிட்டின. பழைய கண்டிய வளவுகளில் முற்றம் இருந்தது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலும் இருந்தது. பாவா அதனை எடுத்தாண்டமைக்குக் காரணம் அதன் பழைமை மட்டுமன்று. நெருங்கிய நகரில் மேற்கூறிய நான்கையும் ஒருங்கே தரத்தக்க வடிவம் அதுவாயிருந்தது.

இவ்வில்லத்தின் பிற்கால வரலாறு ஒரு நுட்பமான சிக்கலை எழுப்புகின்றது. நிலம் கைமாறியபோது, இடிபடும் நிலையிலிருந்த அவ்வில்லம் உறுப்புறுப்பாகக் கழற்றப்பட்டு எண்ணிடப்பட்டது. பெந்தோட்டைக்கு அண்மையில் பாவாவின் தோட்டமாகிய லுனுகங்காவிற்குக் கொண்டுசெல்லப்பட்டு, 2016இல் அங்கே மீளமைக்கப்பட்டது. அழிவிலிருந்து ஒரு கலைச்செல்வத்தை மீட்ட அப்பணி போற்றத்தக்கது. ஆயினும், நகர நெருக்கத்துக்கு விடையாகப் பிறந்த இல்லம், நெருக்கமே இல்லாத ஏரிக்கரைத் தோட்டத்தில் இன்று நிற்கின்றது. விடை இருக்கின்றது, வினா இல்லை. கல்லும் மரமும் இடம்பெயரலாம். நிலத்துக்கும் மனைக்குமுள்ள உறவு இடம்பெயர்வதில்லை என்பதை அது பார்ப்போருக்கு உணர்த்துகின்றது.

பாவா தம் வடிவத்தையே எங்கும் பெயர்த்து வைத்தவரல்லர். நிக்கவரட்டியவை அடுத்த பொலொந்தலாவையில், 1963க்கும் 1965க்கும் இடையில், டென்மார்க்கு நாட்டவரான உல்றிக் பிளெஸ்னருடன் சேர்ந்து அவர் அமைத்த தோட்ட விடுதி இதற்குச் சான்று. அங்கே பெரும்பாறைகள் சிதறிக் கிடந்தன. அவற்றை வெடிவைத்து அகற்றாது, கூரையையும் சுவரையும் அப்பாறைகள் தாங்குமாறு, கோலும் கயிறும் கொண்டு நிலத்திலேயே அளந்து வீடு வகுத்தனர். அங்கே முற்றத்தைச் சுவர் சூழவில்லை. சூழ வேண்டிய தேவையும் இல்லை. கொழும்பு வீட்டையும் இதனையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால், ஒரே கலைஞனின் கையில் நிலம் மாற வடிவமும் மாறியமை புலனாகும். பிற்காலத்தில் அவருடைய பெருங்கட்டடங்கள் பல உறுதிபெற்று எழுவதற்குப் பங்காளராய் நின்ற பொறியியலறிஞர் பூலோகசுந்தரம் தமிழர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இந்நெறியில் குறைகளும் உள. இவ்வில்லங்கள் பெரும்பாலும் வசதியுடையோருக்காக எழுந்தவை. திறந்த முற்றத்தையும் மரவேலையையும் நாள்தோறும் பேணுதற்கு ஆளும் பொருளும் வேண்டும். இதனினும் பெரிய குறை பின்பற்றியோரிடத்தில் உண்டு. அவர்கள் விடையைப் படியெடுத்தனர், வினாவைப் படித்திலர். கண்ணாடிக் கூரையிட்டு மூடிய 'முற்றம்' வெப்பப்பெட்டியாகின்றது; அதைத் தணிக்கக் குளிரூட்டி பொருத்தப்படுகின்றது. அகன்ற தாழ்வாரம் சுருங்கி, மழை சுவரிற் படிந்து பாசி ஏறுகின்றது. பழைய வீட்டிற் பெயர்த்தெடுத்த தூண் எதையும் தாங்காமல் வாயிலில் நிற்கின்றது.

இப்பின்பற்றல் வடபகுதியை எய்தும்போது மேலும் பொருந்தாததாகின்றது. யாழ்ப்பாணம் கண்டியன்று; கொழும்புமன்று. இங்கு மலையில்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. ஆண்டு மழை ஏறக்குறைய 1200 மில்லிமீற்றர். அதிற் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள சில கிழமைகளிற் கொட்டிவிடுகின்றது. சித்திரையிலும் ஆவணியிலும் ஞாயிறு நண்பகலில் நேர் உச்சியில் நிற்கின்றது. இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாய்கின்றது. ஆதலால் வடசுவருக்கும் தாழ்வாரம் வேண்டும். மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். அக்காற்றை வரவேற்கத் திறக்கும் யன்னல் மாலை வெயிலையும் வரவேற்றுவிடும். இம்முரணுக்கு முன்னோர் கண்ட தீர்வு மேற்கே நின்ற வேம்பும் மாவும். அவை வெயிலைத் தடுத்துக் காற்றை விட்டன.

பழைய நாற்சார் வீட்டின் ஒவ்வோர் உறுப்பும் இவ்வாறு தொழில் செய்தது. சுண்ணாம்புக் கல்லாலான தடித்த சுவர் பகல் வெப்பம் உள்ளே புகுவதைத் தாமதித்தது. பனஞ்சிலாகையின்மேல் வேய்ந்த ஓலையோ ஓடோ இரவில் விரைந்து குளிர்ந்தது. அடுப்படி ஒதுங்கி நின்றதால் புகையும் சூடும் உறங்கும் அறையை அணுகவில்லை. கிளுவையும் பூவரசும் கதியாலாய் நின்ற வேலி, காற்றை வடித்து அனுப்பியதோடு தோட்டத்துக்குப் பசளையும் தந்தது. சங்கடப் படலை, வழிப்போக்கருக்கும் நிழல் உண்டு என்றது. மழைநீர் மண்முற்றத்திற் சுவறிக் கிணற்றை அடைந்தது.

இன்றைய வீடுகளில் இவை ஒவ்வொன்றாய் மறைகின்றன. கொங்கிறீற்றுத் தட்டைக் கூரை பகலில் உண்ட வெப்பத்தை இரவில் உமிழ்கின்றது. வேலி மதிலாயிற்று. முற்றம் சீமெந்துக் கற்களால் மூடப்பட்டு, மழைநீர் தெருவுக்கு ஓடுகின்றது. குடாநாட்டின் குடிநீர், சுண்ணாம்புக் கற்படையில் உவர்நீரின்மேல் மிதக்கும் மென்படையாய் உள்ளது. மேலிருந்து நீர் சுவறாவிடில் அப்படை மெலியும், உவர் ஏறும். மலக்குழி கிணற்றை நெருங்கினால் நுண்துளை மிக்க கல்லின் வழியே மாசு விரைந்து பரவும். கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளமை ஆய்வுகளால் அறியப்பட்டதே. ஆகவே முற்றத்தை மூடுவதா, திறந்து வைப்பதா என்பது இங்குக் குடிநீரைப் பற்றிய முடிவாகின்றது.

இதன் பொருள் பழைய வீட்டை அவ்வாறே மீளக் கட்டவேண்டும் என்பதன்று. சுண்ணாம்புக் கல்லை மேலும் அகழ்ந்தால் நீர்ப்படைக்கே கேடு. போரிற் பெருந்தொகையாய் அழிந்த பனையை வீட்டுக்கு வீடு தறித்தலும் இயலாது. வேறு பொருளால் அதே தொழிலைச் செய்வித்தலே இக்காலக் கலைஞனின் கடமை. 100 சதுர மீற்றர் கூரையில் ஓராண்டு விழும் மழை ஏறக்குறைய 1,20,000 லீற்றர். அதில் ஐந்திலொன்று வீணாயினும் 96,000 லீற்றர் எஞ்சும். குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 லீற்றர் கொள்ளும் குடும்பத்துக்கு, 10,000 லீற்றர்த் தொட்டியொன்று நிறைந்தால் 200 நாட்களுக்குப் போதும். எஞ்சியதை நிலம் குடிக்கட்டும். இத்தகைய கணக்கைத் தொடக்கத்திலேயே கொண்டு வரையப்படும் கூரையே இந்நிலத்துக்குரிய கூரையாகும்.

இவ்வினா செல்வர் வீட்டோடு நிற்பதன்று. போர் முடிந்த 2009க்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் வீடுகள் தேவைப்பட்டன. இந்திய உதவித் திட்டத்தில், குடும்பமொன்றுக்கு 5,50,000 ரூபாய் வழங்கப்பட்டு, பெரும்பாலான வீடுகளை உரியவர்களே முன்னின்று கட்டினர். மாறாக, 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்தும் திட்டமொன்று 2015, 2016ஆம் ஆண்டுகளில் முன்வைக்கப்பட்டது. வெப்பத்துக்கு ஒவ்வாமை, மிகுந்த செலவு, பின்னர் விரித்துக் கட்ட இயலாமை, உள்ளூர்க் கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலையின்மை ஆகியவற்றைக் காட்டிப் பொறியியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் அதனை எதிர்த்தனர். அத்திட்டம் அறிவிக்கப்பட்ட அளவில் நிறைவேறவில்லை. அவ்வெதிர்ப்பை அரசியலாக மட்டுங் கொள்வது குறைநோக்கு. நிலத்தையும் பொழுதையும் கேளாது வேறெங்கோ வரையப்பட்ட மனைக்கு இந்நிலத்து மக்கள் கூறிய மறுமொழி அது.

கண்டியில் டி சில்வாவும் கொழும்பிலும் பொலொந்தலாவையிலும் பாவாவும் தத்தம் நிலத்தைக் கேட்டே கட்டினர். வடநிலத்துக்கு அத்தகைய கலைஞர் இனித் தோன்றவேண்டும். அவர்களுக்குப் பாடநூல் அருகிலேயே உண்டு. எஞ்சிய நாற்சார் வீடுகள் ஆண்டுதோறும் இடிபடுகின்றன. அவற்றின் சுவர்த் தடிப்பையும் தாழ்வார நீளத்தையும் அளந்து, நண்பகலிலும் நள்ளிரவிலும் உள்ளும் புறமும் நிலவும் வெப்பநிலையைக் குறித்து, வரைபடமாக்கி வைத்தல் கல்லூரி மாணவரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. அளவுநாடாவும் வெப்பமானியும் பொறுமையும் போதும். அவ்வேட்டிலிருந்து எழும் புதிய வீடு பழைய வீட்டைப் போலத் தோன்றாமலும் இருக்கலாம். சித்திரை வெயிலிலும் மார்கழி மழையிலும் அது பழைய வீட்டைப் போலத் தொழில் செய்தாற் போதும்.