செலோவுக்கு எட்டுச் சுரம்

கொட்டாஞ்சேனைக்கு அருகே வுல்பெண்டால் தேவாலயத்துக்கு டச்சுக்காரர் 1749இல் அடிக்கல் நட்டார்கள். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் பாக் காலமானார். பரோக் இசைக்கும் கொழும்புக்கும் அவ்வளவு நெருக்கம். ஆனால் அந்த இசையை இங்கே மூன்று மாணவர்கள் சேர்ந்து வாசிக்க நினைத்தால், முதலில் எழும் கேள்வி சரித்திரம் அல்ல: வியோலாவுக்கு ஆள் எங்கே?

மாணவர் குழுக்களில் வயலினுக்குத்தான் கூட்டம். பதிப்பாளர்களுக்கும் இது தெரியும். வியோலாவின் பகுதியையே ‘மூன்றாம் வயலின்’ என்று இன்னொரு தாளில் அச்சிட்டுத் தருவார்கள். வயலினின் அடித்தந்திக்குக் கீழே போகும் சுரங்கள் அதில் ஒரு ஸ்தாயி மேலேறிவிடும். நடுக்குரலின் கனமும் கூடவே போய்விடும்.

எல்லோரும் முதலில் கேட்பது பாகெல்பெலின் கேனன். மூலத்தில் அது மூன்று வயலினுக்கும் ஒரு கீழ்க்குரலுக்கும் எழுதப்பட்டது. முதல் வயலின் தொடங்கியதை இரண்டாவது எட்டுத் தட்டுக் கழித்துப் பிடிக்கும், மூன்றாவது இன்னும் எட்டுக் கழித்து. கீழே செலோவுக்குச் சங்கராபரணத்தின் சுரங்கள் எட்டே எட்டு: ச ப த க ம ச ம ப. அதையே 28 தடவை! அலுத்துப்போகும் செலோ மாணவருக்காக நடுவில் மெட்டைத் தூக்கிக் கொடுக்கும் தழுவல்களும் உண்டு. நல்ல மனசுதான். ஆனால் அந்த நேரத்தில் தரையாக நிற்கும் எட்டுச் சுரம் யார் கையில்?

பாக்கின் மூன்று குரல் சின்ஃபோனியாக்கள் பதினைந்தும் வயலின், வியோலா, செலோவுக்குப் பிரித்துக் கொடுக்க வசதியானவை. ஆனால் அவை விசைப்பலகைக்கு எழுதப்பட்டவை; விசைப்பலகைக்கு வில் இல்லை. எங்கே ஒரே வில்லில் சேர்த்து இழுப்பது, எங்கே பிரிப்பது என்பதைத் தழுவுபவர்தான் தீர்மானிக்க வேண்டும். உண்மையான வேலை அங்கேதான்.

கொரெல்லிக்கோ தழுவலே அவ்வளவாகத் தேவையில்லை. 1685இல் வந்த அவருடைய இரண்டாம் தொகுதியின் முகப்பு, இரண்டு வயலினும் கீழ்க்குரலுக்கு வயலோனே ‘அல்லது’ ஹார்ப்சிகார்டும் என்கிறது. அந்த ‘அல்லது’ மாணவர்களுக்குக் கிடைத்த வரம்: வயலோனேயின் இடத்தில் செலோ உட்கார்ந்தால் போதும். வயலின்கள் மூன்றாம் பொசிஷனைத் தாண்டுவதில்லை. லண்டன் ரோயல் ஸ்கூல்ஸ் தேர்வில் ஐந்தாம் தரத்தை எட்டியவர்களுக்குக் கைவசப்படும்.

சிரமம் காதில். கொரெல்லியில் இரண்டு வயலின்கள் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில் மோதி நின்று, பிறகே ஒன்று இறங்கும். வெள்ளவத்தையில் சப்பணமிட்டு, வயலினின் சுருள்முனையைக் கணுக்காலில் ஊன்றி வர்ணம் பழகிய பிள்ளைக்கு அந்த மோதல் அபஸ்வரமாகவே படும். விரல் தானாக நகரப் பார்க்கும். முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளைச் சங்கராபரணத்தில் நொட்டுஸ்வரமாக்கியபோது எடுத்துக்கொண்டது தனி மெட்டை மட்டும், இந்த உரசலை அல்ல. ஆகவே ஒத்திகையில் அந்த இடத்தை வேகமாகக் கடக்காமல், இரண்டு வயலின்களையும் அங்கேயே நிறுத்தி, செலோவையும் நீள இழுக்கச் சொல்லி, மூன்று பேரும் ஒரு மூச்சு நேரம் அந்தக் கசப்பைக் கேட்க வேண்டும். இறங்குவது அதன்பிறகு.